மூடிய ஸ்டேஷனில் இறங்கியவர்கள்

எங்கள் ஊர் ஸ்டேஷன் என்பது ஓடு போட்ட ஒரு கொட்டகை, ஒரு சிமெண்டு பெஞ்சு, ஒரு மஞ்சள் பலகை, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்தில் வாழைத்தார் ஏற்றுவதற்காக வந்தது என்பார்கள். திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஓடிய பாசஞ்சர் அங்கே சற்று நின்று போகும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கூட்டம் இல்லை என்று அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். கூட்டம் எப்படி இருக்கும்? ஊருக்குள்ளேயே டவுன் பஸ் வந்துவிட்டதே. பஸ் வந்த அன்று மாலை போட்டுச் சந்தனம் பூசியவர்கள், ரயில் நிற்காமல் போன அன்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த மழைக்குள் கொட்டகை ஓடுகள் மாட்டுத் தொழுவங்களுக்குப் போய்விட்டன. மணியாக அடித்த தண்டவாளத் துண்டு அம்மன் கோயிலுக்குப் போனது. அம்மன் கேட்டாளா என்ன?

ரயிலைக் கைவிட முடியாமல் போனது கருவாடு விற்கும் பெண்களுக்குத்தான். என் அம்மா அவர்களில் ஒருத்தி. ஒரு நாள் திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரைக்குப் போய் ஓலைக் கடகம் நிறையக் கருவாடு வாங்கிச் சாயங்கால வண்டியில் திரும்புவாள். மறுநாள் தெருத்தெருவாக விற்பாள். அந்தக் கடகத்தைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். “எறங்கும்மா, நாத்தம் தாங்க முடியல,” என்று கண்டக்டர் விசில் ஊதுவார். உள்ளே இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுக் குழம்பில் கிடப்பதும் அம்மா விற்ற கருவாடுதான்.

பழைய டிரைவர்கள் இரக்கப்பட்டு அந்த இடத்தில் வண்டியை மெதுவாக உருட்டுவார்கள். ஆனாலும் தலைச்சுமையோடு ஓடும் வண்டியிலிருந்து இறங்க முடியாது. அதனால் பெண்கள் முதலில் வாய் கட்டிய கடகத்தைப் பழைய ஸ்டேஷன் மேடையில் தள்ளிவிட்டு, பின்னாலேயே இறங்குவார்கள். கடகத்தைத் தூக்கிவிட நான் போய் நிற்பேன். பி.காம். முடித்த எனக்கு அப்போது இருந்த ஒரே வேலை அது.

“அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி நடந்து வாயேன். ஒருநா இல்லாட்டா ஒருநா மாட்டிக்கிடப் போற,” என்று நான் சொல்லாத நாளில்லை.

“இம்புட்டுக் கனத்தோட அங்கன இருந்து நடக்கச் சொல்லுதியாலே,” என்பாள்.

ஒருநாள் வண்டியை ஓட்டியவர் புதியவர் போலிருக்கிறது. நான் அன்று இன்டர்வியூவுக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். நடந்ததை அம்மாவோடு வந்த பெண்தான் சொன்னாள். அம்மா பழக்கத்தில் கடகத்தைத் தள்ளிவிட்டாள். தள்ளிய பிறகுதான் வண்டி வேகம் குறையவில்லை என்று தெரிந்திருக்கிறது. மேடையில் ஆள் இல்லை. இரண்டு நாய்கள் நின்றன.

“விடுங்க மதினி, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வந்து எடுப்போம்,” என்று அந்தப் பெண் சேலையைப் பிடித்திருக்கிறாள்.

“நாய் தின்னுரும்,” என்று சொல்லிவிட்டு அம்மா குதித்துவிட்டாள்.

பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஒரு போலீஸ்காரர் என்னிடம், “ஸ்டேஷனே இல்லாத எடத்துல எதுக்குத் தம்பி எறங்குதாங்க?” என்று கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. சாவுக்கு ஊரே வந்தது. எல்லோரையும் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்தத் தூத்துக்குடி வேலையும் எனக்குக் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் அம்மாவின் கடகத்தை எடுத்துக்கொண்டு என் அக்கா கடற்கரைக்குக் கிளம்பினாள். அவள் போன அன்றே சாயங்காலம் நான் மேடையில் காத்திருந்தேன். விஷயம் டிரைவர்களுக்குள் பரவியிருக்க வேண்டும். அன்று வண்டி உருளக்கூட இல்லை, சுத்தமாக நின்றேவிட்டது. அக்கா பெட்டி வாசலில்தான் நின்றாள். கடகத்தைத் தள்ளவுமில்லை, இறங்கவுமில்லை. வண்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்டவாளத்தை ஒட்டியே அடுத்த ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன். பாதி வழியில் அக்கா தலைச்சுமையோடு எதிரே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. கடகத்தை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“வண்டிதான் நின்னுச்சுல்லா. எறங்காம எதுக்குக்கா இப்படி நடந்து சாவுத?” என்றேன்.

“அம்மைக்கு நிக்கலைல்லா,” என்றாள்.