சதுரங்கப்பட்டினம் மணலில் கழன்ற சக்கரம்

உங்கள் வண்டியின் ஆக்சில் உடைந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா? நான் பட்டேன்.

எங்கள் பழைய ஜீப்பில் ஒரு பெரிய வண்டியின் இன்ஜினை மாட்டியிருந்தேன். சும்மா பறந்தது. அந்தப் பவரைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பின் ஆக்சிலை மட்டும் மாற்றவில்லை. அது அடியில் இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள், அதில் என்ன கெத்து?

ஆக்சில் உடைந்த அன்று மாலை அக்காவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஈசிஆர் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போவதாக இருந்தேன். மதியம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து நண்பன் அந்தோணி போன் செய்தான்.

"மச்சான், போட்ட கரையேத்தணும். டிராக்டர் பேஜார் பண்ணுது. உன் ஜீப்ப எட்த்துகினு வா."

போய், படகுக்கும் ஜீப்புக்கும் கயிறு கட்டி, சுற்றி எல்லாரும் வீடியோ எடுக்கிற தெம்பில் ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தினேன். 'டக்' என்றது. உடைந்த ஆக்சில் துண்டோடு பின் சக்கரம் வெளியே வந்து விழுந்தது. ஜீப் மணலில் உட்கார்ந்துவிட்டது.

"இன்னாடா, போட்ட இய்க்கச் சொன்னா சக்கரத்த இய்த்து வச்சிகீற?" என்றான் அந்தோணி. கடுப்பில் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் அக்கா போன்.

"எப்ப வருவ? கொயந்த ரெடியா கீது."

இதே சக்கரம் ஈசிஆரில் நான் பறக்கிற வேகத்தில் கழன்றிருந்தால்? மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பஸ்ல போலாம்க்கா," என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

உள்ளே சுழலும் தண்டான ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழலாத லாரி ரக ஆக்சிலைத்தான் இப்போது தேடுகிறேன். ஜீப் செங்கல் மேல் நிற்கிறது.