சந்திரவல்லியின் காரில் பாட்டு

சந்திரவல்லி ராசிங்காபுரத்தில் பிறந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காசிமாயனுக்குப் போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மலைப்பாதையில் அவர் வண்டி ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட, நாற்பது வயதுக்கு மேல் அவள் கார் ஓட்டப் பழகினாள். அதிலிருந்து ஸ்டியரிங் அவள் கையில், பாட்டு அவர் கையில். டிக்கிக்குள் ஆறு சீடி போடுகிற சேஞ்சர் ஒன்று இருந்தது. பக்கத்துச் சீட்டில் சாய்ந்துகொண்டு, முன்னாலிருந்த பொத்தானை அமுக்கி அமுக்கி, எந்த வளைவில் எந்தப் பாட்டு என்பதை அவரே முடிவு செய்வார்.

ஐப்பசியில் ஒரு காலை, காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சரிந்துபோனார். வீடு நிறைய அழுதார்கள். சந்திரவல்லி தலைமாட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி அணையாமல் பார்த்துக்கொண்டாள். "கல்லு மாதிரி இருக்காளே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரிதானே என்று அவளுக்கும் பட்டது.

காரியம் முடிந்ததும் மறுபடி மலைக்கு ஓட்டினாள். காய் பறிப்பு யாருக்காகவும் நிற்காது. பாட்டை அவள் தொடுவதே இல்லை. ஆனால் சேஞ்சரில் ஏதோ கோளாறு. ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியதும், அதுவாகவே பாட ஆரம்பித்து, ஒரே வரியில் சிக்கிக்கொண்டு அலறியது. நிறுத்தக் கை நீட்டினாள். அதற்குள் எதிரே ஆள் ஏற்றி வந்த ஜீப்பு. பக்கக் கண்ணாடி உரசி நொறுங்கியது. இறங்கி வந்த டிரைவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்துப் போங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னான்.

செத்திருக்கலாம். அந்த நினைப்பும் அவளை ஒன்றும் செய்யவில்லை. தோட்டத்தில் ஆட்கள் காத்திருப்பார்களே என்று கிளம்பினாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பால்சாமியின் கடையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கார்களுக்கு ஒயரிங், ஸ்பீக்கர் வேலை பார்ப்பவர் அவர்.

"இந்தக் காலத்துல யாரு அக்கா இதை வச்சிருக்கா? பென்டிரைவு போடுற மாதிரி மாட்டித் தர்றேன். போன்லருந்தும் பாட்டு வரும்" என்றார்.

சீட்டுகளைத் தூக்கி, கால்மிதிக்குக் கீழே ஓடிய ஒயரை உருவி, டிக்கியிலிருந்த பெட்டியைக் கழற்றி எடுத்தார். புதிய பிளேயரை முன்னால் பொருத்திவிட்டுக் கேட்டார்: "பாட்டும் நானே ஏத்தித் தர்றேன். என்ன பாட்டுக்கா உங்களுக்குப் பிடிக்கும்?"

சந்திரவல்லி யோசித்தாள். புருஷனுக்குப் பிடித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தனக்கென்று தேடிப் பார்த்தால் ஒன்றுமே அகப்படவில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போனாள் என்று நினைத்த பால்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அது துக்கமில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் ஏத்த வேணாம்" என்றாள்.

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த கொழுந்தன் யோகராஜ் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "என்ன மதினி, அண்ணன் அம்புட்டு ஆசையா வச்சிருந்ததைக் கழட்டிப்புட்டீங்களே!" அதை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே குலுங்கி அழுதார்.

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களே கொண்டு போங்க தம்பி" என்றாள்.

அந்த வாரம் மலையடிவாரத்து முந்தலில் சுஜாதா கை காட்டினாள். தோட்டத்தில் காய் பறிக்கிறவள். "ஜீப்பு போயிருச்சும்மா" என்று ஏறி உட்கார்ந்தவள், புதுப் பிளேயரைப் பார்த்ததும், "பாட்டு வைக்கட்டாம்மா?" என்று தன் போனை இணைத்தாள். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதில் யாரோ ஒருவன் அழுதுகொண்டே பாடினான்.

"இது வேணாம்" என்றாள் சந்திரவல்லி.

சொன்ன பிறகுதான் தன் குரலே தனக்குக் கேட்டது. சுஜாதா அடுத்ததை வைத்தாள். வேகமான மேளம், மலையாளத்தில் ஏதோ வார்த்தைகள்.

"இதையும் மாத்தவாம்மா?"

"இருக்கட்டும்."

பிடித்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கியரை மாற்றி வளைவில் திருப்பினாள். மேலே பனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறினாள்.