குமிழிக்காகக் காத்திருந்த சனிக்கிழமைகள்

சோப்புத் தண்ணீரின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு, டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் சங்க அறையில் மேரி டீச்சர் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த காலம்தான் நினைவுக்கு வரும்.

என் தம்பி சுந்தருக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. இரண்டு மொழி கேட்டுப் பிள்ளை குழம்பிப்போகிறான் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட அப்பா, வீட்டில் இனி இந்தி மட்டும்தான் என்று சட்டம் போட்டுவிட்டார். அப்பாவுக்கென்ன, ஆபீஸ் இந்தி கைவசம் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மாவின் இந்தியோ காய்கறி வண்டி "பையா"விடம் பேரம் பேசுவதோடு சரி. "கித்னா", "ஜல்தி", "அச்சா" என்பதை வைத்துக்கொண்டு எந்தத் தாய் பிள்ளையைக் கொஞ்சுவாள்? எந்நேரமும் தொணதொணக்கும் அம்மா, அவனுக்குச் சோறூட்டும்போது மட்டும் வாயே திறக்க மாட்டாள். அதைப் பார்க்க எனக்கு அழுகை அழுகையாக வரும்.

மேரி டீச்சர் நாகர்கோவில்காரர். முதல் நாளே அம்மாவிடம், "ஏன்க்கா, வீட்டுல பிள்ளகிட்ட பேச மாட்டியளா?" என்று கேட்டார்.

"எனக்கு இந்தி வராதே டீச்சர்."

"இந்திய யாரு கேட்டா? ரெண்டு பாஷ கேட்டா பேச்சு ஒண்ணும் நிக்காது. ஒங்களுக்கு வாய் நெறைய வாறதப் பேசுங்க. பேசிட்டு, அவனுக்காகக் கொஞ்சம் காத்திருங்க."

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே வந்தாள். அப்பாவின் சட்டம் அன்றோடு போயிற்று.

டீச்சர் சோப்புத் தண்ணீரில் ஒரு வளையத்தை முக்கி ஒரு குமிழி ஊதுவார், "இன்னும்?" என்று கேட்டுவிட்டு, வளையத்தை உதட்டருகே பிடித்தபடி சுந்தர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவும் வீட்டில் குவளையில் சோப்பைக் கரைத்து அதையே செய்தாள். பல வாரங்கள் அவன் வெறுமனே கையை நீட்டினான். ஒரு குளிர்கால மத்தியானம், பால்கனி வெயிலில், "இன்னு" என்றான். அம்மா குமிழி ஊதவில்லை. அவனை வாரி அணைத்ததில் குவளையே கவிழ்ந்துவிட்டது. அவன் "இன்னு, இன்னு" என்று அழ, நாங்கள் சிரித்தோம்.

இன்று அந்தச் சங்க அறையில் ஆன்லைன் பார்சல்கள் அடுக்கிக் கிடக்கின்றன. மேரி டீச்சர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் சுந்தர் தினமும் அம்மாவுக்குப் போன் செய்து ஊர்க்கதையெல்லாம் அளப்பான். "சரிம்மா, வச்சிரட்டா?" என்று அவன் கேட்கும்போது அம்மா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொள்வாள்.

"இன்னுங் கொஞ்சம் பேசுல."