சித்தியின் குரலைத் திருத்திய பெட்டி

என் சித்தியின் தொண்டையை என் மாமா ஓர் இரும்புப் பெட்டியைக் கொண்டு சரிசெய்தார். கத்தியும் வைக்கவில்லை, கஷாயமும் கொடுக்கவில்லை. அந்தப் பெட்டியின் பெயர் ஈக்வலைசர். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதைவிடப் பெரிய அதிசயம் மார்க்கையன்கோட்டையில் இருக்க முடியாது என்று நம்பினேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. சித்தி அவர்கள் இருவருக்கும் தங்கை. மாமா சின்னமனூரில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று வேறுபாடு பார்க்காமல் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார். கடையின் பின்னறையில் கேசட் பதிவும் உண்டு. மதுரையில் பழையதாக வாங்கிவந்த ஈக்வலைசர் அங்கேதான் இருந்தது. அதன் முகத்தில் வரிசையாக மேலும் கீழும் நகரும் குமிழ்கள், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க. ஒவ்வொன்றையும் நடுவில் கொண்டுவந்தால் விரலுக்கு ஒரு சின்ன உறுத்தல் தெரியும். குமிழ் அங்கே நின்றால் பெட்டி எதிலும் தலையிடவில்லை என்று பொருள். நான் பின்னாளில் வேலை பார்த்த அலுவலகத்தில் எந்த அதிகாரிக்கும் அப்படி ஒரு நிலை வாய்த்ததில்லை.

குமிழ்களுக்கு மேலே எண்கள் அச்சிட்டிருந்தன. மாமா அவற்றை மதிக்கவில்லை. தானே பெயர் வைத்திருந்தார். இடப்பக்கம் இருப்பது வயிறு, அடுத்து தொண்டை, பிறகு மூக்கு, பிறகு பல், வலக்கோடியில் காற்று. பாட்டைப் போட்டுவிட்டு ஒரு குமிழை மட்டும் நகர்த்தி, "இப்ப என்ன போச்சு, சொல்லு" என்பார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிய ஆரம்பித்தது. ஒரே குரலுக்குள் இத்தனை அறைகளா என்று வியந்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேசும்போதெல்லாம் அவருக்கு மூக்கைக் குறைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சித்திக்குக் கட்டைக் குரல். கொல்லையிலிருந்து அவள் கூப்பிட்டால் வாசலில் நிற்பவர்கள் மாமாவைத் தேடுவார்கள். ஆனால் பாடினால் தெரு நின்று கேட்கும். முளைப்பாரிக் கும்மிக்கு அவள்தான் முதலடி எடுத்துக்கொடுப்பாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. இரண்டு இடத்துக்காரர்கள் வந்து, பாடச் சொல்லிக் கேட்டு, பஜ்ஜியை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, 'குரல் ஆம்பளையாட்டம் இருக்கு' என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். மூன்றாவதாகக் கெங்குவார்பட்டியில் ஓர் இடம் கூடிவந்தது. இதுவும் தட்டிப்போனால் அப்புறம் யாரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் முளைப்பாரித் திருவிழாவுக்கு வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் அது நல்ல வழக்கம். கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தவர்கள் சாமி கும்பிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். யாருக்கும் முகம் சுருங்காது.

மாமா அதில் ஒரு வழி கண்டுபிடித்தார். கும்மிப் பாட்டைச் சித்தியைப் பாடவைத்துப் பதிவுசெய்து, அன்று குழாயில் போட்டுவிடலாம். குரலை அவர் பார்த்துக்கொள்வார்.

"ஏன்டா, நாளைக்கு அங்கன போய் அவ வாயத் தொறந்தா என்ன செய்வ? பெட்டியையும் சீரோட சேத்து அனுப்புவியா?" என்றாள் அம்மா.

"மொதல்ல தாலி ஏறட்டும்க்கா. குரலு கட்டைன்னு யாராச்சும் பொண்டாட்டியக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்காகளா?"

பின்னறையில் சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு, சித்திக்கு ஒரு மைக், கைதட்டிப் பின்பாட்டுப் பாடும் தெருப் பெண்களுக்கு ஒரு மைக் வைத்தார். இரண்டையும் அளவாகக் கலந்து கேசட்டில் ஏற்றினார். பெண்கள் போனதும் திருத்தம் தொடங்கியது. வயிற்றைக் குறைத்தார், சித்தி சிறுத்தாள். தொண்டையைக் குறைத்தார், இன்னும் இளைத்தாள். பல்லை ஏற்றியதும் சொற்களுக்கு ஓரம் முளைத்துப் பளபளத்தது. கூடவே நாடாவின் 'ஸ்' என்ற இரைச்சலும் ஏறியது. ஒரு நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் அது இன்னும் தடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் கேசட்டிலிருந்தே தொடங்கினார்.

முடிந்ததும் சித்தியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அவள் தலைசாய்த்துக் கேட்டாள்.

"இது யாருண்ணே?"

"நீதான் ஆத்தா."

"நல்லாத்தான் பாடுறா," என்றாள் சித்தி.

ஆனால் மாமா கடையிலிருந்த மரப்பெட்டி ஸ்பீக்கரில் கேட்டுத்தான் இவ்வளவும் செய்திருந்தார். கோயிலில் பாடப்போவது மரத்தில் கட்டும் குழாய். திருவிழாவுக்கு முன்னால் அதை எங்கள் வீட்டுத் தென்னையில் கட்டிப் போட்டபோது சித்தியின் குரல் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல வந்தது. குழாய்க்கு இயல்பிலேயே வயிறு கிடையாது. மாமா குறைத்ததை அதுவும் தன் பங்குக்குக் குறைத்துவிட்டது. ஒரு பொருளை எங்கே பயன்படுத்தப் போகிறோமோ அங்கே வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதை மீறி அனுப்பப்பட்ட சுற்றறிக்கைகளை நான் பிற்காலத்தில் ஏராளமாகப் பார்த்தேன்.

மாமா ஈக்வலைசரை வீட்டுக்கே தூக்கிவந்தார். என்னை வயலுக்கு அப்பால் வாய்க்கால் கரையில் நிறுத்தினார். காது கூசினால் இரண்டு கையையும் தூக்க வேண்டும். பழைய சித்தி தெரிந்தால் ஒரு கை. சரியாக இருந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். நான் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். கும்மிப் பாட்டின் ஒரே அடி திரும்பத் திரும்ப வயலைத் தாண்டி வந்தது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏடி, ஒங்க மாமனுக்குக் கிறுக்கு ஏதும் புடிச்சிருக்கா? மாடு மெரளுது. வேற பாட்டே இல்லன்னு சொன்னாகளா?"

"பாட்டு இல்ல, சித்திக்குத் தொண்ட பாக்குறாக," என்றேன்.

கடைசியில் காது கூசுவதும் போய், கட்டையும் போய், மெல்லிய ஒரு குரல் காற்றில் மிதந்து வந்தது. நான் உட்கார்ந்தேன். ஒப்புதல் வழங்கிய முதல் அதிகாரி நான்தான் என்ற பெருமிதம் எனக்கு.

திருவிழாவன்று மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் வந்தார்கள். மாமா அவர்களைக் குழாய்க்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சித்தி கும்மியில் வாயை மட்டும் அசைக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அசைத்தாள். மாப்பிள்ளையின் தாயார் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அந்தச் சத்தத்தில் அவர் கேட்டது அவருக்கே கேட்டிருக்காது. சித்தி தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"அடக்கமான புள்ள!" என்று அவர் என் அம்மாவின் காதில் கத்தினார். "பாடுறதும் அதுதானா? என்னா நைசான குரலு!"

கல்யாணம் நடந்தது. மாமா சொந்தச் செட்டைக் கட்டி ஊரே அதிரும்படி பாட்டுப் போட்டார்.

அரையாண்டு விடுமுறையில் அம்மா என்னைக் கெங்குவார்பட்டிக்கு அழைத்துப்போனாள். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மாமியார் வாசலிலிருந்து சித்தியைக் கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து, "இந்தா வந்துட்டேன் அத்தை" என்று பதில் வந்தது. கேசட்டில் வந்த அதே குரல். நான் துள்ளி எழுந்து அடுப்படிக்குள் ஓடிப் பார்த்தேன். பெட்டியும் இல்லை, வயரும் இல்லை. சித்தி மட்டும் கரண்டியோடு நின்றாள்.

பிறகு கொல்லையில் துணி துவைக்கும்போது அவள் என்னிடம் பழைய கட்டைக் குரலில் பேசினாள். கும்மிக்கு இப்போது யார் எடுத்துக்கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்கு அந்தப் பேச்சில் அக்கறை இல்லை.

"சித்தி, பெட்டி இல்லாம எப்படிச் செய்யிற?"

அவள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஈரக் கையால் என் விரலைப் பிடித்துத் தன் தாடைக்குக் கீழே வைத்தாள். "இங்கன இறுக்கி மேல ஏத்திக்கிறணும்." அங்கே சதை கல்லாக இறுகியது. நானும் செய்து பார்த்தேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. சித்தி சிரித்தாள். சிரிப்பு கட்டையாக வெளியே வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சித்தி," என்றேன். செய்தாள். நான் கைதட்டினேன்.

ஊருக்குத் திரும்பும் வழியில் சின்னமனூர் பஸ் நிலையத்திலிருந்து நேராக மாமாவின் கடைக்கு ஓடினேன். அவர் மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு மைக்கின் வயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சித்தி இப்போது பெட்டி இல்லாமலேயே அந்தக் குரலில் பேசுகிறாள், நாள் முழுக்க அப்படியே பேசுகிறாள், மாமியாருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை என்று மூச்சுவாங்கச் சொன்னேன். மாமா பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்தார். மறுபடி எடுக்கவில்லை. அவர் வித்தை இவ்வளவு தூரம் பலித்திருக்கிறது, அதைப் போய்ப் பார்த்துவந்து சொன்னவள் நான். என்னைப் பாராட்டுவார் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.