ரேலீன் காட்டாத மரக்கட்டை

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ரேலீன் பாஸ்கோ முதலில் நடுவிரலை மடக்கி, கைக்கு எட்டுகிற அலமாரியை இரண்டு தட்டு தட்டுவாள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் தட்டினாள். பல் மருத்துவர் கூப்பிடக் காத்திருந்தபோதும் தட்டினாள். இருபது வருடமாக யரம்பி ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துவந்தார்கள்.

“என்ன ரேலீன், உள்ள யாராச்சும் இருக்காங்களா?” என்று கேலி செய்வார்கள்.

“காகிதம்தான் இருக்கு,” என்பாள்.

பொய்யில்லை. மெல்பர்ன் கடையிலிருந்து ஐந்து மணி நேரம் காரின் கூரையில் கட்டிக்கொண்டு வருகிற தட்டைப் பெட்டிகளைப் பிரித்து, பலகைகளைத் திருகிப் பூட்டினால், கட்டம் கட்டமான அலமாரி ஒன்று எழுந்து நிற்கும். அதன் வெளிப்பலகை பார்வைக்குத் தடித்த மரம். உள்ளே தேன்கூடு போல மடித்த அட்டைக் காகிதம். இரண்டு முனைகளில் மட்டும் உண்மையான மரக்கட்டை வைத்திருப்பார்கள். திருகாணிகள் பிடித்து நிற்பது அங்கேதான். நீளத்தைக் குறைக்க நடுவில் அறுத்தால் அந்த முனை போய்விடும், காகிதம் பல்லிளிக்கும். அறுத்த வாய்க்குள் பைன் கட்டையைச் செருகி, பசை போட்டு, ஒரு நாள் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். பிறகு ஓரப்பட்டையைத் துணி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினால் அறுத்த இடமே தெரியாது.

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் நின்று நின்று ஒரு முழங்கால் போனபின், வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ரம்பத்தோடு உட்கார்ந்து, ஏழெட்டு அலமாரிகளைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டாள். சக்கர நாற்காலிக்காரருக்கு இடுப்பளவுக்கு இறக்கிய சமையல் மேடை, இரட்டைக் குழந்தைக்காரிக்குத் துணி மாற்றும் மேசை. வாடகை வீட்டுச் சுவரில் துளை போட்டால் முகவர் மூன்று மாதத்துக்கொரு முறை வந்து முகம் சுளிப்பார் என்பதால், சுவரைத் தொடாமல் நிற்க அகலப் பாதம் வைத்த அலமாரிகள். எல்லாம் அவள் கையில் பிறந்தவை.

ஊர்க் கண்காட்சியில் ஜாம், ஸ்பாஞ்ச் கேக், பின்னிய கம்பளி ஆகியவற்றோடு ‘மாற்றிச் செய்த தட்டைப் பெட்டி’ என்று ஒரு பிரிவு வந்ததே அவளால்தான். ஆனால் முதல் வருடம் முதல் பரிசான நீல ரிப்பன் லாய்ட் கெம்ஸ்லிக்குப் போனது.

லாய்ட் அடுத்த தெருக்காரன். நூற்றுப்பத்து கிலோ, வாய் அதைவிடக் கனம். கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பு அவளிடம் வந்து தேநீர் குடித்தான், அவள் செய்துகொண்டிருந்த உருளும் சமையல் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தான், “பேத்திக்குக் காட்டுறேன்” என்று கைபேசியில் படம் எடுத்தான். கண்காட்சிக் கூடத்தில் அதே மேடை அவன் பெயரில் நின்றது. பச்சை வர்ணம் மட்டும் அவனுடையது. அவளுடையதற்கு ‘பாராட்டத்தக்கது’ என்று ஓர் அட்டை.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரி கேட்டபோது அவன் சொன்னான்: “ஒருநாள் காலைல குளிச்சிக்கிட்டு இருந்தேனா, அப்படியே தோணுச்சு.”

அந்த வரியை ரேலீன் கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். பால் எடுக்கும்போதெல்லாம் படித்தாள். திருட்டை அவள் மன்னித்திருப்பாளோ என்னவோ, அந்தக் குளியலை மன்னிக்க முடியவில்லை. கண்காட்சிக் குழுவுக்குக் கடிதம் எழுதினாள்: வர்ணத்தைப் பார்த்துப் பரிசு கொடுக்கிறீர்கள், பொருள் தாங்குமா என்று ஒருவரும் சோதிப்பதில்லை. குழு பதில் போடவில்லை.

குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எட்டுக் கட்ட அலமாரியைப் படுக்கப் போட்டு, நீளம் குறைத்து, ஜன்னலோர இருக்கையாக்கினாள். கீழே பூட்ஸ் வைக்க இடம், மேலே மெத்தை. ஊர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் படிப்படியாகப் படம் போட்டாள். அறுப்பது, ஓரப்பட்டை ஒட்டுவது, மெத்தை தைப்பது எல்லாம் இருந்தன. கட்டை செருகும் படம் மட்டும் இல்லை. ‘ஒரு மதியத்தில் முடிந்துவிடும்’ என்று கீழே எழுதினாள்.

பத்தாவது நிமிடம் லாய்டின் கட்டைவிரல் குறி வந்தது. நான்காம் நாள் அவன் காரின் கூரையில் தட்டைப் பெட்டி வந்தது. உடனே படங்களை நீக்கினாள்; வேறு யாரும் செய்து விழுந்துவிடக் கூடாதே. அந்த அளவுக்கு நியாயம் பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. நான் பொய் சொன்னேனா? இல்லை. எல்லாவற்றையும் சொன்னேனா? அதுவும் இல்லை. எல்லாவற்றையும் சொல்ல அவன் யார்?

அவள் மனக்கண்ணில் ஒரே காட்சிதான். சனிக்கிழமை கண்காட்சியில் வழக்கம்போல லாய்ட் கூட்டத்தைக் கூட்டுவான், தன் பொருள்மேல் தானே ஏறி உட்கார்ந்து காட்டுவான். காகிதத்தில் முறுக்கிய திருகாணிகள் பிய்த்துக்கொள்ளும். நூற்றுப்பத்து கிலோவும் தரையில். அதற்காகப் புதுக் காதணிகூட வாங்கினாள்.

சனிக்கிழமை வருமுன் வெள்ளி வந்தது. அன்றுதான் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு நடுவர் ஐரிஸ் பொருள்களைப் பார்ப்பாள். ரேலீன் கட்டை செருகிச் செய்த இருக்கையும் உள்ளேதான் இருந்தது. ரேலீன் வெளியே தேநீர்க் கடையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

கூடத்திலிருந்து உதவியாளர் டெல் ஓடிவந்தாள். “ஐரிஸ் விழுந்துட்டாங்கடி! லாய்ட் செஞ்ச அந்த பெஞ்சுல உக்காந்தாங்க, ஒரு பக்கம் அப்படியே பிச்சுக்கிட்டுப் போச்சு!”

“உக்காந்தாங்களா? நடுவர் எதுக்கு உக்காரணும்?”

“போன வருஷம் நீதானே லெட்டர் எழுதின, தாங்குதான்னு பாக்கணும்னு? எல்லாத்துலயும் உக்காந்து பாத்துட்டுத்தான் மார்க்குன்னு கமிட்டி சொல்லிடுச்சு. உன்னோடதுலதான் முதல்ல உக்காந்தாங்க.”

ரேலீனின் கையிலிருந்த கோப்பை கீழே விழவில்லை. அதை நிதானமாக அடுக்கின்மேல் வைத்தாள். அப்படி வைக்க முடிந்ததே என்று பிறகு பலமுறை வெட்கப்பட்டாள்.

ஐரிஸ் ஷுல்ட்ஸுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மறுநாள் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, இடது கையால் நீல ரிப்பனை ரேலீனின் சட்டையில் கோணலாகக் குத்தினாள். “உன்னோடது பாறை மாதிரி இருந்துச்சும்மா. அந்தத் தைரியத்துலதான் அடுத்ததுலயும் தொப்புனு உக்காந்துட்டேன்,” என்று சிரித்தாள்.

லாய்டை யாரும் சும்மா விடவில்லை. “என்னப்பா, ஐரிஸைக் கொல்லப் பாத்தியா?” என்று தொத்திறைச்சி ரொட்டி வரிசையில் நின்றவன்கூடக் கேட்டான். ரேலீன் போட்ட படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்று லாய்டால் சொல்ல முடியாது. சொன்னால் போன வருடக் குளியலும் சேர்ந்து காலியாகும். வாகனம் நிறுத்தும் புழுதியில் அவளை மடக்கினான்.

“நீ வேணும்னே ஏதோ ஒண்ண மறைச்சிருக்க. எப்படி உனக்கு இப்படி ஒரு புத்தி வந்துச்சு?”

“ஒருநாள் காலைல குளிச்சிக்கிட்டு இருந்தேனா,” என்றாள் ரேலீன், “அப்படியே தோணுச்சு.”

அவன் முகம் போன போக்கை அவள் நெடுநாள் வைத்து ரசித்தாள். அதை மறுக்க வேண்டியதில்லை. அந்த இனிப்பு உண்மையானது. மறு வருடம் அவன் எதையும் கொண்டுவரவில்லை, அதற்கடுத்த வருடமும்.

ஆனால் மறு வருடப் பரிசு அட்டைகள் கணினியில் அச்சடித்து வந்தன. முப்பது வருடமாக அவற்றில் பெயர் எழுதியது ஐரிஸின் கை. சுழித்த எழுத்து, பரிசு கிடைக்காதவர்கள்கூட அந்த எழுத்துக்காக அட்டையைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். மணிக்கட்டு கூடியது, விரல்கள் பேனாவுக்குத் திரும்பவில்லை.

ரேலீன் ஐரிஸிடம் உண்மையைச் சொல்லத்தான் போனாள். ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு போனதுதான் தப்பு. ஐரிஸின் சமையலறை அலமாரியை ஒற்றைக் கைக்கு எட்டும்படி இறக்கிக் கொடுத்தாள். அடுத்த மாதம் குளியலறைக்கு ஒன்று. பிறகு கட்டிலோரம் ஒன்று, அப்புறம் இன்னும் இரண்டு. ஒவ்வொரு அறுத்த வாயிலும் கட்டை செருகினாள், ஐரிஸ் பார்க்கும்படியே செருகினாள்.

“இது எதுக்கும்மா?” என்று ஒருமுறை ஐரிஸ் கேட்டாள்.

“இது இல்லன்னா தாங்காது.”

“அந்த லாய்டுக்கு இது தெரியல பாரேன், பாவம்.”

அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது அவள் சொல்ல வேண்டியிருந்த வார்த்தை. ரேலீன் பசைக் குப்பியை மூடினாள். “தெரியல,” என்றாள்.

முழங்கால் இரண்டும் போனபிறகு மகளோடு இருக்க அடிலெய்டுக்குப் போனாள். கிளம்புகிற அன்று ஐரிஸ் வாசல்வரை வந்து வழியனுப்பினாள், “எனக்காக எவ்வளவு செஞ்சுட்ட” என்று அணைத்துக்கொண்டாள். ரேலீன் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டுதான் காரில் ஏறினாள். ஐந்து அலமாரிகள் செய்து கொடுத்திருந்தாள். ‘படத்திலிருந்து அந்தக் கட்டையை எடுத்தவள் நான்’ என்ற ஒரு வரியை ஐரிஸுக்கு இன்னும் கொடுக்கவில்லை.