மாமா பேசியதில் பாதி

அறுபட்ட முந்திரி மரத்தின் பச்சை நெடியும், மண்ணில் நசுங்கிய பலாப் பிஞ்சின் பால் வாசனையும் புயலுக்குப் பிந்தைய அந்தப் பத்து நாளும் எங்கள் துணியிலேயே ஒட்டிக் கிடந்தன. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்குப் பெரிய சேதமில்லை. கடலூருக்கு மேற்கே, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமமொன்றில் அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமன், வைத்திருந்த தோப்பு ஒரே காற்றில் படுத்துவிட்டது. அப்பா லீவு போட்டு எங்களையும் கூட்டிக்கொண்டு மரம் அறுக்கப் போனார். அவரும் மாமாவும் எதிரெதிர்க் கட்சி. ஆளுக்கொரு சேனலை "நம்ம டிவி" என்பார்கள். ஆனால் கரண்டே இல்லாத அந்த ஊரில், ஒரே ரம்பத்தின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடியே அறுத்தார்கள்.

ஒருநாள் காலை அந்த இரண்டு டிவிக்காரர்களும் சேர்ந்தே வந்து மாமாவிடம் "மைக்கை" நீட்டினார்கள். அப்பா அவர் தோளையொட்டி நின்றார். அம்மாவும் நானும் எதிரே. மாமா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அரிசி குடுத்தாங்க, மண்ணெண்ண குடுத்தாங்க, இல்லன்னு பொய் சொல்லக் கூடாது. ஆனா அத்தினி வருஷத்து மரம் போச்சுங்க, வந்து கேக்க ஒரு நாதி இல்ல." "கரெக்டா சொன்ன மச்சான்" என்று அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நாங்கள் ஊர் திரும்பியபோது மாமா டிவியில் வந்துகொண்டிருந்தார். அப்பாவின் சேனல் அரசுக்கு வேண்டியது. அதில் அரிசியும் மண்ணெண்ணெயும் மட்டும் வந்தன. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் டீக்கடையில் ஓடிய இன்னொரு சேனலில், அதே முகம், அதே துண்டு, "ஒரு நாதி இல்ல" மட்டும். "என்னா சார், ஒங்க மச்சானே ஒங்க ஆளுங்கள கிழிச்சிட்டாரே!" என்று யாரோ கிண்டலடிக்க, அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு சேனலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நாலாவது நாள் தீர்ப்பு வந்துவிட்டது. "இந்த டிவில ஒண்ணு, அந்த டிவில ஒண்ணு பேசியிருக்கான் பாரு, ரெட்டை நாக்கு!"

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?" என்றாள் அம்மா.

"நின்னதாலதான் சொல்றேன்."

அப்பா பொய் சொல்கிற ஆளில்லை. அநியாயம் என்னவென்றால், அவர் அதை நிஜமாகவே நம்பினார்.

அக்காவுக்குத் தம்பி பொங்கல் வரிசை கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். தோப்பே போன அந்த வருஷமும் மாமா கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லத்தோடு பஸ் ஏறி வந்தார். அவர் ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. டிவியில் தான் என்ன பேசினோம் என்பதே மனுஷனுக்குத் தெரியாது. அப்பா வாசலிலேயே நிறுத்தி, "எந்த டிவிக்காரன் குடுத்தனுப்புன வரிசை இது?" என்றார். மாமா கேலி என்று நினைத்துச் சிரித்தார். விஷயம் புரிந்ததும், "நீங்களே கேட்டீங்களே மாமா" என்றார். அக்காள் கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா உள்ளே போய்விட்டார். மாமா கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். அம்மா தெருமுனைவரை ஓடிப்போய்த் தனியாகத் திரும்பி வந்தாள். அதோடு அவளுக்குப் பிறந்த வீட்டு வரிசை நின்றது. அப்பாமேல் எனக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

இப்போது மாமா இல்லை. அந்தப் பெட்டி டிவியும் எப்போதோ போய், அப்பா செய்தியைப் போனில் பார்க்கிறார். இதை எழுத உட்கார்ந்து மாமாவின் குரலை நினைத்தேன். "அரிசி குடுத்தாங்க" ஒரு பக்கம், "ஒரு நாதி இல்ல" ஒரு பக்கம், இரண்டும் டிவியில் கீழே ஓடும் எழுத்தோடு தனித்தனியாகத்தான் வருகின்றன. நானும் எதிரே நின்று கேட்டவள்தான். நடுவில் அவர் சொன்ன "இல்லன்னு பொய் சொல்லக் கூடாது" எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அம்மாவிடம் கேட்டுத்தான் மேலே எழுதியிருக்கிறேன். தம்பி முகம் டிவியில் வரும்போதெல்லாம் எழுந்து போய்விட்டவள் அவள்.