க்ரைனின் மீன் வண்டியும் ஒட்டும் எண்ணும்

நெல்லெக்கேவுக்குத் தெரியாத தொழிலே இல்லை என்று எங்கள் துறைமுக ஊரான வெஸ்டர்சைலில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்தான். ஆற்று முகத்துவாரத்தில் மணல் எப்படி நகர்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்க இளவயதில் ஒரு நிரல் எழுதினாள். அதில் மணல் என்பது லட்சக்கணக்கான குட்டி உருண்டைகள். உருளும், இடிக்கும், சந்து கிடைத்தால் நழுவும். பிறகு தானியக் கிடங்குக்காரர்கள் வந்தார்கள். அதே உருண்டைக்குக் கோதுமை என்று பெயர் வைத்தாள். இதய மருத்துவர்கள் வந்தார்கள். கோதுமை ரத்த அணுவாயிற்று. சீஸ் ஆலைக்காரர்கள் வந்து, தொட்டியில் திரிந்த பால்கட்டிகள் அடைத்துக்கொள்கின்றன என்று புலம்பியபோது மட்டும் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. பால்கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டுமே! அதற்காக ஓர் ‘ஒட்டும் எண்’.

இந்தத் தொழிலில் எந்த வேலையையும் வெற்றுத் திரையில் தொடங்குவது கிடையாது. போன வேலையின் கோப்பை நகலெடுத்து, எண்களை மாற்றி ஓட்டுவார்கள். எல்லோரும் செய்வது, யாரும் வெளியில் சொல்லாதது.

அவள் கணவன் க்ரைன் தூக்குப்பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில் வண்டி போட்டு ஹெர்ரிங் மீன் விற்கிறான். உப்பில் ஊறிய மீனை வெங்காயத்தில் புரட்டி, வாலைப் பிடித்து, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். துண்டு போட்டுக் குச்சியால் குத்தித் தின்பதெல்லாம் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் வேலை. ஒருமுறை அந்த ஊர் அம்மாள் ஒருத்தி துண்டு போட்டுக் கேட்டாள். க்ரைன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “பல் டாக்டர் அடுத்த தெருவுல இருக்காரும்மா” என்றான். அவ்வளவு வீம்பு.

ஜூன் மாதத்தில் வருடத்தின் முதல் மீன்பீப்பாயோடு படகு வரும். ஊரே பாலத்தில் கூடிவிடும். படகு நுழைய வேண்டுமென்றால் பாலத்தைத் தூக்க வேண்டும். தூக்க வேண்டுமென்றால் ஜனங்கள் இறங்கிப் போக வேண்டும். போன வருடம் இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகவே நகராட்சியில் விழாக்களைக் கவனிக்கும் ரூலோஃப்ஸ், நெல்லெக்கேவின் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“கூட்டத்தையும் உங்க கம்ப்யூட்டர்ல ஓட்டலாமாமே? மனுஷங்களும் உருண்டைதானா மேடம்?”

“பெரும்பாலும்” என்றாள். ரூலோஃப்ஸ் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்தாள். கூட்டம் நன்றாகத்தான் நகர்ந்தது, க்ரைனின் வண்டி வரைக்கும். அங்கே போய்க் கட்டி கட்டியாக நின்று, பாலத்தையே அடைத்துக்கொண்டது. படத்தைப் பார்த்த ரூலோஃப்ஸ் மறுநாளே, விழாவன்று வண்டி தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

க்ரைனுக்கு ஆண்டு வியாபாரமே அந்த ஒரு நாள்தான்.

“தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாடி யாரு வந்து வாங்குவா? புறாவா?”

“நான் சொல்லல க்ரைன். மாடல் சொல்லுது.”

“அந்த மாடலைப் பெத்தது யாரு?”

“அதுக்கு உன்னைத் தெரியாது. என்னையும் தெரியாது.”

“அப்ப ராத்திரிக்கு அதையே உருளைக்கிழங்கு அவிச்சுத் தரச் சொல்லு.”

அன்றோடு காப்பிக்குக் கொடுக்கும் ஒற்றை பிஸ்கட்டும் நின்றது. டப்பாவை அவள் கண்ணெதிரிலேயே அழுத்தி மூடினான்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் சீஸ் ஆலையிலிருந்து வேறொரு வேலை வந்தது. நெல்லெக்கே வழக்கம்போல் கடைசியாகச் செய்த கோப்பை, அதாவது பாலத்துக் கூட்டத்தை, நகலெடுத்தாள். மனிதருக்கு ஒட்டும் எண் பூஜ்யம். அதைச் சீஸுக்கு மாற்ற வேண்டும். மாற்றப் போனால், அது ஏற்கெனவே சீஸுக்கு உரியதாகவே இருந்தது.

பழைய சீஸ் கோப்பிலிருந்து கூட்டத்தின் கோப்பை எடுத்தபோது அந்த எண்ணை மாற்ற மறந்திருக்கிறாள். ஊர் ஜனங்களை முழுக்க முழுக்கப் பால்கட்டியாக ஓட்டி, அதை நம்பி, கட்டின புருஷனின் பிழைப்பைத் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் தள்ளியிருக்கிறாள். எண்ணைப் பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டினாள். கூட்டம் மணலாகச் சரிந்து பாலத்தை விட்டு இறங்கிப் போயிற்று. எங்கும் அடைப்பே இல்லை.

சொல்லாமல் விட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. சொன்னால், முப்பது வருடம் சேர்த்த பெயர் ஒரே மத்தியானத்தில் கப்பலேறிவிடும். கழிப்பறைக்குள் போய் ஒரு மூச்சு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

“ரூலோஃப்ஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு. நம்ம ஜனங்களைச் சீஸா ஓட்டிட்டேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எந்தச் சீஸ்? கௌடாவா, எடாமா?”

“கேலி பண்ணாதீங்க.”

“கேலி இல்ல மேடம். எங்க அண்ணியைப் பத்தி நானே அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன். சரி, இப்ப என்ன செய்யணும்?”

“சரியா ஓட்டினா எங்கயும் அடைக்கல. வண்டி பழைய இடத்துலயே நிக்கலாம்.”

“வீட்டுக்காரர் வண்டிங்கிறதால சொல்லலையே?”

“அவருக்காகன்னா வேற ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். இந்த மானக்கேட்டை எதுக்குச் சுமந்துக்கிட்டு வரணும்?”

சாயங்காலத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றவர்கள், “இன்னைக்கு நாங்க சீஸா, மணலா?” என்று கேட்டார்கள். அவளும் சிரித்து வைத்தாள். உள்ளே கூசியது. வீட்டுக்கு வந்தால், க்ரைன் காப்பியைக் கொண்டுவந்து வைத்தான். பக்கத்தில் இரண்டு பிஸ்கட். எங்கள் ஊரில் இரண்டு பிஸ்கட் என்றால் அது காதல்.

விழா நாள் வந்தது. வண்டி பாலத்தை விட்டு இறங்கும் பழைய இடத்தில். அதைச் சுற்றிக் குச்சியில் ஒட்டிய குட்டிக் குட்டிக் காகிதக் கொடிகள். படகு தூரத்தில் ஊதியது. மணி அடித்தார்கள், ஜனங்கள் பாலத்தை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். க்ரைனின் வண்டி வரைக்கும் நகர்ந்தார்கள். அங்கே கட்டி கட்டியாக நின்றுவிட்டார்கள். அந்தச் சீஸ் படம் இம்மி பிசகாமல் அப்படியே எதிரில் நின்றது.

நெல்லெக்கே நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரூலோஃப்ஸ்.

“மேடம், இது மணலா, சீஸா?”

“சீஸ்” என்றாள், ஈனக் குரலில்.

படகு இரண்டாம் முறை ஊதியது. பாலத்துக்காரர் கைகளை விரித்துக் காட்டினார். அவள் கால்விரல்களில் எக்கிப் பார்த்தாள். யாரும் யாரோடும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொருவனும் மீனை வாங்கி, அங்கேயே நின்று, முழங்கையை அகட்டி, வானத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். அண்ணாந்தவன் எப்படி நடப்பான்? முழங்கை அகட்டியவனைத் தாண்டி யார் போவது? மணல் மீன் தின்னாது. இது அவள் எண்களில் எதிலும் இல்லை.

“க்ரைன்!” என்று கத்தினாள். “துண்டு போடு!”

வண்டியைச் சுற்றி எல்லோரும் திரும்பினார்கள்.

“என்ன சொன்னே?”

“மீனைத் துண்டு போட்டுக் குச்சி குத்திக் குடுய்யா! தின்னுக்கிட்டே நடப்பாங்க!”

“நான் என்ன ஆம்ஸ்டர்டாம்காரனா?”

கூட்டத்தில் யாரோ, “வெக்கக்கேடு!” என்றார்கள். க்ரைன் அவளைப் பார்த்தான். ஒரு பக்கம் ரூலோஃப்ஸின் தொப்பை, மறுபக்கம் யாருடைய குழந்தைவண்டியோ. நடுவில், ஒரே மாதத்தில் இரண்டாம் தடவை மானம் போகத் தயாராக, சிவந்த முகத்தோடு அவன் பெண்டாட்டி. க்ரைன் முனகிக்கொண்டே கத்தியை எடுத்தான். நான்கு துண்டு. கொடிகளைப் பிடுங்கி ஒவ்வொரு துண்டிலும் குத்தினான். வாங்க நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், வசை பாடினார்கள். ஆனால் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாலம் மேலே எழுந்தது. பீப்பாய் ஊருக்குள் வந்தது.

கூட்டம் கலைந்தபின் இருவரும் வண்டியைக் கழுவினார்கள்.

“சாகுற வரைக்கும் உன்னைச் சொல்லிக் காட்டுவாங்க க்ரைன்.”

“உன்னைச் சீஸ்காரின்னு கூப்பிடறாங்களே, அப்படித்தான். எனக்காகத்தானே போய்ச் சொன்னே?”

“தப்பு தப்புதானேன்னு போனேன்.” வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, “உனக்காகவும்தான்” என்றாள்.

தட்டில் கொடி குத்திய ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. க்ரைன் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. வாயில் போட்டு மெல்ல மென்றான்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. யார்கிட்டயாவது சொன்னே, பிஸ்கட் கிடையாது.”